ஜாடிக்காக நனைத்த கை

என் வீட்டுக்காரர் ஆனந்தகுமார் கண்ணாடி ஜாடியை நக்கிப் பார்ப்பார். வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. பழைய பூஜாடி எது கைக்கு வந்தாலும் சரி, விரலை நாக்கில் தொட்டு எச்சிலை அதன் மேல் தேய்ப்பார். ஈரம் பட்டால்தான் உள் நிறம் தெரியுமாம். விரல் போதவில்லை என்றால் நாக்கையே நீட்டிவிடுவார். எவன் வீட்டுப் பிணத்தின் தலைமாட்டில் பூ வைத்திருந்த ஜாடியோ, எந்த நோயாளி வெற்றிலை துப்பி வைத்த ஜாடியோ, அந்த மனுஷனுக்குக் கவலையே கிடையாது. அதே வாயோடு வந்து சாயா கொடு என்று நிற்பார். கருமம்.

மாநகராட்சியில் சுகாதாரப் பிரிவில் அவருக்கு வேலை. மட்டாஞ்சேரியில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, எடுத்துக்கொண்டு போ என்று வீட்டுக்காரர்கள் கொடுத்த ஜாடியில் ஆரம்பித்தது இந்தப் பைத்தியம். அரிசிக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் எங்கள் வீடு. இருப்பதே இரண்டு அறைதான். ஒன்றில் அவரும் ஜாடிகளும். இன்னொன்றில் நானும் மகள் ரஜிதாவும், எங்கள் துணிமணியும், அரிசி மூட்டையும், கேஸ் அடுப்பும். ஜாடி இருக்கும் அறையில் மீன் வறுத்த புகை போகக்கூடாதாம், கண்ணாடி மங்கிவிடுமாம். எங்கள் கண் மங்கினால் பரவாயில்லை.

அத்தனையிலும் ஒரு நீல ஜாடிதான் அவருக்கு உயிர். முழங்கை உயரம் இருக்கும். வாய் விளிம்பு பாவாடைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக விரிந்திருக்கும். வயிற்றுப் பக்கம் ஒரு மீன்கொத்தி, நாணல் தண்டில் உட்கார்ந்து இடது பக்கம் பார்க்கிற மாதிரி எழுதியிருக்கும். ஐரோப்பாவில் எங்கோ, நூறு வருஷத்துக்கு முன்னால் வாயால் ஊதிச் செய்தது என்பார். இந்த மாதிரி ஜாடிகளை ஜோடியாகத்தான் செய்வார்களாம். வலது பக்கம் பார்க்கும் மீன்கொத்தி ஒன்று உலகத்தில் எங்கேயோ இருந்தாக வேண்டுமாம். ஒற்றையாக நிற்கும் ஜாடியைப் பார்த்தால் தாலி அறுத்தவளைப் பார்க்கிற மாதிரி மனசு கஷ்டப்படுகிறது என்று ஒருநாள் என்னிடமே சொன்னார். என் அக்கா புருஷனைப் பறிகொடுத்து நின்றபோது ஒரு தடவை எட்டிப் பார்க்காத மனுஷன் சொல்கிற பேச்சு இது.

அந்த ஜோடியைத் தேடி அவர் போகாத இழவு வீடு இல்லை. பழைய வீட்டில் யாராவது கண்ணை மூடினால் முதல் ஆளாகச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார். என் சினேகிதி ஷபானாவின் மாமியார் மவுத்தான அன்று, உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருக்க, இவர் முன்னறையில் அலமாரிக் கதவைத் திறந்து ஒரு பூஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் இருந்த பிளாஸ்டிக் ரோஜாக்கள் தரையில் கிடந்தன. நான் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன். ஷபானா தங்கமானவள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்குப் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் தூத்துத் துடைத்துச் சாமான் பொதியும் வேலை. அந்தக் கடை முதலாளி இவரை வாசல் ஏற விடுவதில்லை. எல்லாவற்றையும் தடவுவார், எச்சில் வைப்பார், எதையும் வாங்க மாட்டார் என்பது அவருக்கும் தெரியும்.

ரஜிதா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். வாய் அதிர்ந்து பேசாத பிள்ளை. தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். நிகில் என்று பெயர், தோப்பும்படியில் வீடு, ஐஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர், அப்பா இல்லை, அம்மா நீலாம்பாள் மட்டும். எங்களைப் போலவே இந்த மலையாள ஊருக்கு வந்து தலைமுறை கடந்த தமிழ் ஆட்கள். பையன் பெண்ணை வந்து பார்த்தான், மரியாதையாகப் பேசினான், போனான். அடுத்து நாங்கள் அவன் வீட்டைப் பார்க்கப் போக வேண்டும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும் பெண் வீட்டார் தண்ணீர் குடிக்கலாம், சாயா குடிக்கலாம், ஆனால் சோற்றில் கை வைக்கக்கூடாது. கை நனைத்துவிட்டால் பெண்ணைக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். அதற்கப்புறம் தக்க காரணம் இல்லாமல் பின்வாங்கினால் சொந்தபந்தத்துக்கு முன்னால் தலைகாட்ட முடியாது. பெண்ணுக்கும் கெட்ட பெயர். அதனால் பஸ்ஸிலேயே அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். பார்த்துவிட்டு வருவோம், நாலு இடத்தில் விசாரிப்போம், சாப்பிடச் சொன்னால் இன்னொரு நாள் ஆகட்டும் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். தலையாட்டினார். அவருடைய அண்ணன் ஒச்சப்பனும் கூட வந்தார். பெரியவர் அதற்கும் மேலே, நான் சாயாவே குடிக்க மாட்டேன் என்றார்.

வீடு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் என் கண் சும்மா இருக்காது. படுக்கையறைக் கதவின் நடுவில், ஆள் தலை உயரத்துக்கு, புதிதாக ஒரு ப்ளைவுட் துண்டு அடித்திருந்தது. பெயிண்ட்கூட அடிக்கவில்லை. இது என்ன என்று கேட்டேன். கரையான் என்றார் நீலாம்பாள். நல்ல தேக்குக் கதவு, நடுவில் மட்டும் வட்டமாகத் தின்றுவிட்டுப் போகிற கரையானை நான் பார்த்ததில்லை. முன்னறைச் சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்த தடம் வெளுப்பாகத் தெரிந்தது. சாயா கொண்டுவந்த நீலாம்பாள் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டார். நிகில் அம்மாவைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான். அந்த அம்மாவின் கை நடுங்கியதில் இரண்டாவது டம்ளரில் பாதி தட்டில் கொட்டியது. பெற்ற பிள்ளையின் பார்வைக்கு நடுங்கும் வீட்டில் என் மகளை எப்படி விடுவது என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

அவரிடம் கண்ணைக் காட்டலாம் என்று திரும்பினால் ஆளைக் காணோம். சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டிருந்தார். மேசை நடுவில் நீல நிறத்தில் ஒரு ஜாடி. அதில் வலது பக்கம் பார்க்கும் மீன்கொத்தி.

அதற்கப்புறம் அவர் மனுஷனாகவே இல்லை. வாய் திறந்தபடி இருந்தது. எச்சில் விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ஜாடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக நாற்காலியை இழுத்துப் போட்டு மேசையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் நீலாம்பாள் தட்டை வைத்தார். சோறு வந்தது, மீன்குழம்பு வந்தது. நான் பேர் சொல்லாத குறையாகக் கூப்பிட்டேன். காதில் விழவில்லை. வலது கையால் ஜாடியின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தவர், ஜாடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைக் குழம்புச் சோற்றில் விட்டார். பிசைந்தார். தின்றார். தின்னும்போதும் பார்வை அந்தப் பறவை மேல்தான் இருந்தது. அண்ணன் ஒச்சப்பன் என்னைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். பெற்றவனே கை நனைத்துவிட்டான், இனி தான் மட்டும் விறைத்துக்கொண்டு நின்று என்ன செய்வது என்று அவரும் போய் உட்கார்ந்தார்.

நீலாம்பாள் குழம்பை ஊற்றிக்கொண்டே ஜாடியைக் காட்டிச் சொன்னார்: “கல்யாணம் கழிஞ்சா இந்தச் சாதனம் உங்க வீட்டுக்குத்தான் சம்பந்தி. இங்க வச்சு நாங்க என்ன செய்யப் போறோம்.”

அவர் இன்னொரு கரண்டி சோறு கேட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளைத் தொட்டு, “ஜோடி சேந்தாச்சு கனகம்” என்றார். ஒரு நொடி நான் மகளைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. மீன்குழம்பு வாசனை போகாத அந்தக் கை என் தோளில் பட்ட இடம் எனக்குக் கூசியது. கதவைப் பற்றிச் சொன்னேன், டம்ளரைப் பற்றிச் சொன்னேன். கதவென்றால் உடையத்தான் செய்யும், அம்மாக்காரிக்கு வயசாகிவிட்டது, கை நடுங்கத்தான் செய்யும் என்றார். நீ எதிலும் குறை கண்டுபிடிக்கிறவள் என்றார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு வைக்கவில்லை. அங்கே தின்றதே போதும் என்று விட்டுவிட்டேன்.

நிச்சயத்துக்குப் பட்டுப்புடவை எடுத்தாயிற்று. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னால் ஓடினார். வீட்டுக்கு ஒரு துடைப்பம் வாங்கிவரச் சொன்னால் மாதம் ஒன்றாகும் மனுஷனுக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வேகம். நிகில் ரஜிதாவுக்குப் போன் செய்ய ஆரம்பித்தான். எங்கே நிற்கிறாய் என்று கேட்பான். கடையில் பக்கத்தில் நிற்பது யார், படம் எடுத்து அனுப்பு என்பான். எடுக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருப்பான். எடுத்தால் அரைமணி நேரம் வாயில் வந்ததைப் பேசுவான். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. “அம்மே, எனக்கு அவரு போன் வந்தாலே எடுக்கப் பயமாருக்கு” என்று என் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொன்னாள். அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். பிரியம் உள்ளவன்தான் விசாரிப்பான் என்றார். சொல்லும்போது ஜாடி வைக்கச் சுவரில் புதுப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கை நனைத்த கல்யாணத்தை நிறுத்த, நாலு பேர் முன்னால் வைக்கிற மாதிரி ஒரு காரணம். உடைந்த கதவையும் நடுங்கின கையையும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த மனுஷன் தினமும் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஜாடி படம் போடுவார். நீலாம்பாள் வீட்டு மேசையில் ஜாடியைக் கட்டிப்பிடித்தபடி எடுத்த படத்தையும் போட்டிருந்தார், பின்னால் சோற்றுத் தட்டு தெரிய. ஷபானா வந்து சாயா குடித்துக்கொண்டிருந்தபோது என் போனில் அதைக் காட்டினேன், வயிற்றெரிச்சலைச் சொல்லத்தான். அவள் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அக்கா, இது எங்க கடைச் சாமானாக்கும்” என்றாள். “நான்தான் துணி சுத்திப் பொதிஞ்சு கொடுத்தேன். மறுநாளே அது திரும்பி வந்துடுச்சு. இப்ப மேல கிட்டங்கில இருக்கு.”

அந்தக் கடையில் சாமான்களைப் படப்பிடிப்புக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் வாடகைக்குக் கொடுப்பது வழக்கம். ஒரு பையன் போனில் ஒரு ஜாடியின் படத்தைக் காட்டி, இதே மாதிரி ஒன்று வேண்டும், ஷூட்டிங்குக்கு என்று கேட்டானாம். முதலாளி மாடியிலிருந்து இதை இறக்கிக் கொடுத்தாராம். நிகிலின் படத்தைக் காட்டினேன். இவனேதான் என்றாள். தரகர் வாயிலிருந்து இவர் நம்பர் போயிருக்கிறது, நம்பரில் ஸ்டேட்டஸ் இருக்கிறது, ஸ்டேட்டஸில் ஜாடி இருக்கிறது. வேறென்ன வேண்டும். எலிக்குக் கருவாடு வைப்பதுபோல வைத்திருக்கிறான்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். பெண் எடுக்க வருகிறவன் இல்லாத நகையை இருக்கிற மாதிரி காட்டுவான், சம்பளத்தைக் கூட்டிச் சொல்வான். இவன் பெண்ணின் தகப்பன் எதற்கு விலைபோவான் என்று பார்த்து, அதை வாடகைக்கு எடுத்துவந்து மேசையில் வைத்திருக்கிறான். இவ்வளவு யோசிக்கிறவன் மறைக்க வேண்டியதும் அவ்வளவு பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாளே தோப்பும்படிக்குப் போனேன். நிகில் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி சீனியம்மாள் என்று ஒருத்தி மீன் விற்கிறாள். மத்தி வாங்கிக்கொண்டு, விலையைப் பேசாமல், எனக்கு ஒரு பெண் இருக்கிறாள், அந்த வீட்டில் கொடுக்கலாமா என்று மட்டும் கேட்டேன். அவள் மீனை ஆய்ந்துகொண்டே இருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமல், ஏற்கெனவே ஒருத்தி வந்து போய்விட்டாள் என்றாள். பேர் பாண்டிச்செல்வி. களமசேரியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள், போய் அவளையே கேட்டுக்கொள் என்றாள். மீனுக்குக் காசு வாங்கவில்லை.

களமசேரியில் அந்த லைன் வீட்டைத் தேடிப் பிடித்தேன். பாண்டிச்செல்விக்கு என் மகள் வயசுதான் இருக்கும். சாயா போட்டுக் கொடுத்தாள். அவள் ஒரு பிஸ்கட்டை எடுத்து சாயாவில் நன்றாக ஊறவைத்து, வலது பக்கமாகவே வைத்து மெதுவாக விழுங்கினாள். தாடையில் இடது பக்கம் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்களாம், எடுத்த பிறகும் அந்தப் பக்கம் மெல்ல வரவில்லையாம். கேஸ் கோர்ட்டில் இருக்கிறது, விவாகரத்து இன்னும் ஆகவில்லை. அதையெல்லாம் அவள் அம்மாதான் சொன்னாள். பாண்டிச்செல்வி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அந்தக் கதவ மாத்திட்டாங்களாம்மா?”

இல்லை, ப்ளைவுட் அடித்திருக்கிறார்கள் என்றேன். தலையாட்டிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அவர் தன் நீல ஜாடிக்குள் அரிசியும் வினிகரும் போட்டுக் குலுக்கி உள்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் உட்காரக்கூட இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கடையை, வாடகையை, பாண்டிச்செல்வியை, தாடையை, ஊறவைத்த பிஸ்கட்டை, அவள் தலை மோதிய கதவை. உங்களை ஒரு ஜாடியைக் காட்டி வாங்கிவிட்டான், இன்னும் கொஞ்ச நாளில் நம் பிள்ளையின் தலை அந்த ப்ளைவுட்டில் மோதியிருக்கும் என்றேன். அவர் குலுக்குவதை நிறுத்தினார். ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பெற்ற வயிறு இல்லாவிட்டாலும் பெற்றவன்தானே, உறைத்துவிட்டது என்று நினைத்தேன். மனசு இளகிப்போய், தண்ணீர் கொண்டுவரட்டுமா என்றுகூடக் கேட்டேன்.

அவர் நிமிர்ந்தார்.

“அப்போ, அந்த ஜாடி இப்பவும் ஷபானா கடைலதான் இருக்கா?”

திரும்பிப் பார்த்தால் வாசலில் ரஜிதா நிற்கிறாள். வேலை விட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எப்போதிலிருந்து நின்றாளோ தெரியாது. அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் அறைக்குள் போய் முகம் கழுவினாள்.

அன்றைக்கே நான் நீலாம்பாளுக்குப் போன் செய்து கல்யாணம் இல்லை என்று சொன்னேன். அந்த அம்மா நல்லது என்பதுபோல் ஒரு மூச்சு விட்டார். நிகில் போனைப் பிடுங்கிக் கத்தினான். பாண்டிச்செல்வி சாயா கொடுத்தாள் என்று சொன்னேன், வைத்துவிட்டான். ஒச்சப்பன் அண்ணன்தான் சொந்தக்காரர்களிடம் பேசினார். கை நனைத்தது என் தப்பும்தான் என்று அவர் எல்லார் முன்னாலும் சொன்னார். சொல்ல வேண்டியவர் அந்த நேரம் அங்கே இல்லை. மண்டபத்தில் கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்கப் போயிருந்தார்.

அந்தப் பணத்தோடு நேரே கடைக்குப் போயிருக்கிறார். காசோடு வந்தால் எந்த முதலாளி வாசலில் நிறுத்துவான். ஆட்டோவில் வந்து இறங்கினார், மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோல் வைத்துக்கொண்டு. ஜாடி உடையாமல் இருக்க ரஜிதாவுக்கு நிச்சயத்துக்கு எடுத்த பட்டுப்புடவையில் சுற்றியிருந்தார். காலையில் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், இனி எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ. அடித்து வைத்த பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பின்னால் நகர்ந்து பார்த்தார். முன்னால் போய் அரை விரல் தள்ளி வைத்தார். விரலை நாக்கில் தொட்டார். புடவை தரையில் கிடந்தது. தூ, இந்த ஆளுக்கா நான் இத்தனை வருஷம் சோறு பொங்கினேன் என்று இருந்தது. உடைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கையால் தொடவே அருவருப்பாக இருந்தது.

ரஜிதா அடுப்பங்கரையில் என்னோடு கப்பைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையிலிருந்து அவர், படம் எடுக்க வேண்டும், வெளிச்சம் போதவில்லை, யாராவது வந்து டார்ச் பிடியுங்கள் என்று கூப்பிட்டார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். ரஜிதா கத்தியைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

“அம்மே, இனி யாராச்சும் என்னைப் பொண்ணு பாக்க வந்தா, அப்பா இல்லைன்னு சொல்லிரு.”

இரண்டு அறைக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு துணித் திரைதான். அவருக்குக் கேட்டிருக்கும். நான் திரையைப் பார்த்தேன், அது அசையவில்லை.

“சொல்லிர்றேன்” என்றேன்.